வால்யூமை லேசாகத் திருப்பினாலே வீடு அதிர்கிறதா? கோளாறு ஆம்ப்பில் இல்லை, கணக்கில் இருக்கலாம்

இரவு 11 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நாள் முழுக்க மீட்டிங், டெட்லைன் என்று ஓடிய பிறகு, இரண்டு பாட்டாவது கேட்டுவிட்டுப் படுக்கலாம் என்று ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்கிறீர்கள். குமிழ் அடியில் இருக்கும்போது பாட்டே கேட்கவில்லை. துளி திருப்பினால் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது. இன்னும் துளி திருப்பினால் அடுத்த அறையில் தூங்கும் குழந்தை எழுந்துவிடுகிறது. பாட்டை நிறுத்தினால், ஸ்பீக்கரிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் மட்டும் மிச்சம்.

இது எனக்கு நடந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஜோடி ஹார்ன் ஸ்பீக்கர் வாங்கினேன். ஆம்ப்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, இருந்ததை நஷ்டத்துக்கு விற்றேன். அதைவிட அதிக வாட் உள்ள ஒன்றை வாங்கினேன். பிரச்னை இன்னும் மோசமானது. கடைசியில் ஒரு மல்டிமீட்டரையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆம்ப் கெடவே இல்லை. என் ஸ்பீக்கருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு 'கெயின்' அந்தச் சங்கிலியில் இருந்தது. அதைச் சரிசெய்தது நான்கு ரெசிஸ்டர்கள். விலை, சில ரூபாய்.

நீங்களும் அதே தவறைச் செய்யாமல் இருக்க, இந்தக் கணக்கை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

சுருக்கமாக

- ஹை எஃபிஷியன்ஸி ஸ்பீக்கர்கள் வீட்டில் கேட்கும் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கின்றன.
- ஆனால் டிஜிட்டல் சோர்ஸ், ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் மூன்றும் சேர்ந்து அதைவிடப் பல மடங்கு வோல்ட்டேஜைக் கொடுக்கத் தயாராக நிற்கின்றன.
- விளைவு: வால்யூம் குமிழில் பயன்படுத்த இடமே இருக்காது, இரண்டு பக்கமும் சமமாக ஒலிக்காது, இரைச்சல் கேட்கும்.
- தீர்வு: தேவையில்லாத கெயினைச் சரியான இடத்தில் குறைப்பது. பெரும்பாலும் புது ஆம்ப் தேவையில்லை.

ஹை எஃபிஷியன்ஸி ஸ்பீக்கர் என்றால் என்ன?

ஸ்பீக்கரின் விவரக்குறிப்பில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் மின்சக்தியைக் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதே அந்த எண். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் என்பது 2.83 வோல்ட். அதனால் சில கம்பெனிகள் '2.83 வோல்ட்டில் இத்தனை டெசிபல்' என்று போடுவார்கள்.

கடைகளில் நீங்கள் பார்க்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 88 டெசிபல் வரை இருக்கும். ஹார்ன் வகை ஸ்பீக்கர்கள் 95-ஐத் தாண்டும். கிளிப்ஷ் நிறுவனத்தின் ஹெரசி 4 மாடலுக்கு 99 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். அதே நிறுவனம் 1946-ல் கொண்டுவந்த கிளிப்ஷார்னுக்கு 105.

'99-க்கும் 86-க்கும் 13தானே வித்தியாசம்?' என்று தோன்றும். ஆனால் டெசிபல் கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபல் கூட்ட பத்து மடங்கு வேண்டும். ஆக, 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்து வரும் சத்தம், 99 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட்டில் வந்துவிடும்.

இதையே சதவீதமாகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். 92 டெசிபல் ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சக்தியில் ஏறத்தாழ 1 சதவீதத்தைத்தான் ஒலியாக மாற்றுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். 86 டெசிபல் என்றால் சுமார் கால் சதவீதம். 99 டெசிபல் என்றால் சுமார் 5 சதவீதம்.

ஊர்த் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் அவ்வளவு தூரம் கேட்பதற்கும் இந்த ஹார்ன் வடிவம் ஒரு முக்கியக் காரணம். பேசும்படம் வந்த காலத்தில் வால்வு ஆம்ப்களால் சில வாட்கள்தான் கொடுக்க முடிந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு முழு தியேட்டரையே நிரப்ப வேண்டும். அதற்காகத்தான் பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்கள் உருவாயின. இன்றும் ஒற்றை 300பி வால்வை வைத்து சுமார் 8 வாட் மட்டுமே தரும் ஆம்ப்களை ரசிகர்கள் வாங்குகிறார்கள் என்றால், இப்படிப்பட்ட ஸ்பீக்கர்கள் இருப்பதால்தான்.

வாட் வேறு, கெயின் வேறு

பலரும் குழம்பும் இடம் இது. வாட் என்பது ஆம்ப் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற எல்லை. கெயின் என்பது உள்ளே வரும் வோல்ட்டேஜை அது எத்தனை மடங்காகப் பெருக்குகிறது என்ற எண். 100 வாட் ஆம்ப்பும் 30 வாட் ஆம்ப்பும் ஒரே கெயினோடு இருக்கலாம். அப்போது குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டிலும் ஒரே சத்தம்தான் வரும். 30 வாட் ஆம்ப் சீக்கிரம் திணறும், அவ்வளவுதான்.

அடுக்குமாடி வீட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் பம்ப் வைத்த கட்டடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கப் போனால் சட்டை நனைந்துவிடும். தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது அங்கே பிரச்னையே இல்லை. வரும் வேகம்தான் பிரச்னை. தொட்டியின் அளவு வாட் என்றால், பிரஷர்தான் கெயின்.

இவ்வளவு கெயினை ஏன் வைக்கிறார்கள்?

பாதி காரணம் வரலாறு. டேப் டெக், ரேடியோ ட்யூனர் காலத்தில் சிக்னல் பலவீனமாக இருந்தது. அதனால் அன்றைய ஆம்ப்கள் பலவும் 150 மில்லிவோல்ட் வந்தாலே முழு சக்தியையும் கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டன. 1982-ல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. அதன் அதிகபட்ச வெளியீடு 2 வோல்ட் என்பது வழக்கமானது. 150 மில்லிவோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் உள்ள இடைவெளி சுமார் 22 டெசிபல். இன்று நீங்கள் வாங்கும் ஸ்ட்ரீமர், டேக் (டிஜிட்டல் கோப்பை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) எல்லாம் பெரும்பாலும் அதே 2 வோல்ட்டைத்தான் கொடுக்கின்றன. எக்ஸ்எல்ஆர் வெளியீடு என்றால் வழக்கமாக 4 வோல்ட்.

மீதி காரணம் வியாபாரம். குமிழை ஒன்பது மணி நிலைக்குத் திருப்பியதுமே சத்தம் பிய்த்துக்கொண்டு வந்தால், 'அட, செம பவர்!' என்று தோன்றும். கடையில் விற்க அது உதவும். வீட்டில் கேட்க உதவாது.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு சாதாரண செட்டப்பை எடுத்துக்கொள்வோம். 2 வோல்ட் தரும் டேக், 12 டெசிபல் கெயின் (4 மடங்கு) உள்ள ப்ரீஆம்ப், 26 டெசிபல் கெயின் (20 மடங்கு) உள்ள 100 வாட் பவர் ஆம்ப். நீங்கள் சராசரியாக 75 டெசிபலில் பாட்டு கேட்கிறீர்கள். ட்ரம்ஸ் அடி போன்ற உச்சங்கள் அதைவிட 18 டெசிபல் மேலே போகும் என்று வைத்தால், 93 டெசிபல். தூரத்தால் குறைவதும் இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் கூடுவதும் சாதாரண அறையில் ஏறத்தாழ ஈடாகிவிடும் என்று எடுத்துக்கொள்வோம்.

86 டெசிபல் ஸ்பீக்கர்:
- உச்சத்துக்குத் தேவையான சக்தி: 5 வாட்
- ஸ்பீக்கர் முனையில் வேண்டிய வோல்ட்டேஜ்: 6.3 வோல்ட்
- பவர் ஆம்ப்புக்குள் போக வேண்டியது: 0.32 வோல்ட்
- வால்யூம் குமிழ் குறைக்க வேண்டியது: 28 டெசிபல்

99 டெசிபல் ஸ்பீக்கர்:
- உச்சத்துக்குத் தேவையான சக்தி: கால் வாட்
- ஸ்பீக்கர் முனையில் வேண்டிய வோல்ட்டேஜ்: 1.4 வோல்ட்
- பவர் ஆம்ப்புக்குள் போக வேண்டியது: 0.07 வோல்ட்
- வால்யூம் குமிழ் குறைக்க வேண்டியது: 41 டெசிபல்

கவனியுங்கள், இது நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்கும்போது. இரவில் இதைவிட 20 டெசிபல் குறைத்துக் கேட்டால், குமிழ் 61 டெசிபல் குறைக்க வேண்டும். 8 வோல்ட்டை ஆயிரத்தில் ஒரு பங்காக்கி உள்ளே அனுப்பும் வேலை அது. ஒரு சாதாரண குமிழுக்கு அது கிட்டத்தட்ட அடிமட்டம்.

இதனால் என்ன நஷ்டம்?

1. இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. வால்யூம் குமிழுக்குள் இரண்டு கார்பன் தடங்கள் இருக்கின்றன. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நடுவில் இரண்டும் ஒத்துப்போகும். அடிமட்டத்தில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். 2, 3 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்வது இதனால்தான்.

2. இரைச்சல் கேட்கும். எல்லா ஆம்ப்பும் கொஞ்சம் இரைச்சல் போடும். ஒரு ஆம்ப் 1 மில்லிவோல்ட் இரைச்சல் தருகிறது என்று வையுங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டர் தூரத்தில் 17 டெசிபல். அறையின் அமைதிக்குள் மறைந்துபோகும். 99 டெசிபல் ஸ்பீக்கரில் அதே இரைச்சல் 30 டெசிபல். அமைதியான படுக்கையறையின் இரவுச் சத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால் காதில் விழும்.

3. கை தவறினால் விபத்து. குமிழின் கால் சுற்றுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிறது என்றால், குழந்தை ஒருமுறை திருகினாலோ, போனிலிருந்து திடீரென்று ஒரு நோட்டிஃபிகேஷன் முழு அளவில் வந்தாலோ, ட்வீட்டருக்கும் ஆபத்து, காதுக்கும் ஆபத்து. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் சராசரி 80 டெசிபலைத் தாண்டாமல் கேட்பதே பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். 99 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் போனால் ஒரு மீட்டரில் 119 டெசிபல். அந்த வாய்ப்பை வரவேற்பறையில் திறந்து வைத்திருக்க வேண்டுமா?

4. அக்கம்பக்கம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சராசரி ஒலி அளவுக்கான வரம்பு 45 டெசிபல். பகலில் 55. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு விதியைவிட ஹவுஸ் ஓனரின் முகம்தான் முதலில் ஞாபகம் வரும். சின்னச் சத்தத்தில் நன்றாகக் கேட்க முடிகிற செட்டப்தான் இங்கே உண்மையான ஆடம்பரம்.

உங்கள் வீட்டில் இந்தப் பிரச்னை இருக்கிறதா? பத்து நிமிட சோதனை

2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ள, அல்லது ஆட்டோ ரேஞ்ச் மல்டிமீட்டர் ஒன்று போதும். (மிக மலிவான மீட்டர்களில் ஏசி 200 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும். அது இந்த வேலைக்கு ஆகாது.)

1. நீங்கள் எப்போதுமே தாண்டாத உச்ச சத்தத்தில் ஒரு பாட்டை வையுங்கள். குமிழ் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.
2. ஆம்ப்பை ஆஃப் செய்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள்.
3. ஆன் செய்து, முழு அளவில் பதிவான 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஓட விடுங்கள். குமிழ் அதே குறியில் இருக்கட்டும்.
4. ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டேஜை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
5. டோனை நிறுத்தி, குமிழை அடிக்குக் கொண்டுவந்து, ஆஃப் செய்த பிறகே ஸ்பீக்கரை மாட்டுங்கள். அவசரப்பட்டால் ட்வீட்டர் போய்விடும்.

முக்கிய எச்சரிக்கை: வால்வு ஆம்ப்பில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சிக்னல் கொடுக்கவே கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகலாம். ஸ்பீக்கர் மாட்டியபடியே, 20 டெசிபல் குறைத்துப் பதிவான டோனைச் சில விநாடிகள் மட்டும் போட்டு அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி எட்டால் வகுத்தால் வாட். எனக்கு வந்தது 1.6 வோல்ட். அதாவது 0.32 வாட். 100 வாட் ஆம்ப்பில் நான் 'சத்தமாக' கேட்கும்போது பயன்படுத்தியது அவ்வளவுதான்! புது ஆம்ப்புக்குக் கொடுத்த பணம் அந்த நேரத்தில் கண் முன் வந்து போனது.

2 வோல்ட் சோர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கைக்கணக்கு:

- 2 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்: 20 டெசிபல் வரை குறைக்கலாம்.
- 2 முதல் 5 வோல்ட்: 10 அல்லது 12 டெசிபல் போதும்.
- 5 வோல்ட்டுக்கு மேலே: இருக்கிறபடியே விடலாம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

தீர்வைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கண்டுபிடிப்பது அவசியம். பாட்டு ஓடாதபோது குமிழை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

- குமிழோடு இரைச்சலும் ஏறி இறங்கினால்: அது குமிழுக்கு முன்னால் இருக்கும் சோர்ஸிலிருந்தோ ப்ரீஆம்ப்பின் முதல் பகுதியிலிருந்தோ வருகிறது.
- குமிழ் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி இருந்தால்: எல்லாவற்றையும் ஆஃப் செய்து, பவர் ஆம்ப்பிலிருந்து ப்ரீஆம்ப் வயரைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்யும்போது இரைச்சல் போய்விட்டால், அது ப்ரீஆம்ப்பின் கடைசிப் பகுதியிலிருந்து வந்தது.
- கழற்றிய பிறகும் இருந்தால்: அது பவர் ஆம்ப்பின் சொந்த இரைச்சல். உள்ளே போகும் சிக்னலை எவ்வளவு குறைத்தாலும் அது போகாது. (திறந்திருக்கும் இன்புட் காற்றிலிருக்கும் ஹம்மை இழுக்கலாம். அதனால் இன்புட்டை ஷார்ட் செய்யும் பிளக் மாட்டிச் சோதித்தால்தான் முடிவு சரியாக இருக்கும்.)
- 'ஸ்ஸ்ஸ்' இல்லாமல் 'உம்ம்ம்' என்று வந்தால்: அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ஹம். பெரும்பாலும் எர்த் லூப் அல்லது பவர் சப்ளை கோளாறு. அது வேறு கதை. ஆனால் ஒன்று: ஹம் போக வேண்டும் என்பதற்காக த்ரீ பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள். ஷாக் அடித்து உயிரே போகலாம்.

தீர்வுகள்: செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்போம்

1. செட்டிங்ஸைப் பாருங்கள். பல டேக்குகளிலும் ஸ்ட்ரீமர்களிலும் வெளியீட்டை 2 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டாகக் குறைக்கும் மெனு இருக்கும். சில ப்ரீஆம்ப், பவர் ஆம்ப்களின் பின்பக்கம் கெயின் சுவிட்ச் இருக்கும். மேடை நிகழ்ச்சிகளுக்கான பவர் ஆம்ப்களில் லெவல் குமிழே இருக்கும். அதைக் குறைத்தால் ஆம்ப்பின் வாட் குறைந்துவிடாது. அந்த வாட்டை எட்ட அதிக சிக்னல் வேண்டும், அவ்வளவே. எக்ஸ்எல்ஆரிலிருந்து ஆர்சிஏ-வுக்கு மாறினாலே பல செட்டப்களில் 6 டெசிபல் குறையும்.

2. டிஜிட்டல் வால்யூம், அளவோடு. டிஜிட்டலில் ஒவ்வொரு 6 டெசிபல் குறைப்பும் ஒரு பிட்டை விழுங்கும். 16 பிட் பாட்டின் வீச்சு 96 டெசிபல். 24 பிட்டில் காகிதக் கணக்குப்படி 144. நல்ல டேக் ஒன்று நிஜத்தில் 110 முதல் 120 வரை தரும். அதனால் 24 பிட் சங்கிலியில் 10, 15 டெசிபல் குறைப்பது காதுக்குத் தெரியாது. ஆனால் 40 டெசிபலை அங்கேயே குறைப்பது நல்ல யோசனை அல்ல. காரணம் ஒலித்தரம் மட்டும் இல்லை. ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் அந்த வால்யூமை 100 சதவீதத்துக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 40 டெசிபல் ஒரே தாவலில்! சாஃப்ட்வேரை மட்டும் நம்பி ட்வீட்டரை அடகு வைக்காதீர்கள்.

3. இன்லைன் அட்டெனுவேட்டர். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். ஆர்சிஏ பிளக் வடிவில் 10, 12, 20 டெசிபல் அளவுகளில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. சால்டரிங் தெரிந்தால் நீங்களே செய்யலாம். ஒரு சேனலுக்கு இரண்டே ரெசிஸ்டர். சிக்னல் வழியில் தொடராக ஒன்று, அதற்குப் பிறகு சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒன்று.

- 10 டெசிபல்: தொடரில் 6.8 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓம்
- 12 டெசிபல்: தொடரில் 7.5 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 2.4 கிலோ ஓம்
- 20 டெசிபல்: தொடரில் 9.1 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம்

1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட் போதும். இரண்டு சேனலுக்கும் ஒரே மதிப்பு வரும்படி மீட்டரில் அளந்து பொறுக்கி எடுங்கள். ஆம்ப்பின் இன்புட் பக்கத்து பிளக்குக்குள்ளேயே வைத்தால் வயர் ஹம் இழுக்காது. இந்த அமைப்பு சோர்ஸுக்கு ஏறத்தாழ 10 கிலோ ஓம் லோடாகத் தெரியும். இன்றைய டேக்குகளுக்கு அது சுலபம். சில வால்வு ப்ரீஆம்ப்களுக்கு அது கனம், பாஸ் குறையலாம். அவற்றின் விவரக்குறிப்பைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எங்கே மாட்டுவது என்பதுதான் சூட்சுமம்:

- ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே மாட்டினால், குமிழுக்கும் இடம் கிடைக்கும், ப்ரீஆம்ப் இரைச்சலும் சேர்ந்து குறையும். இரண்டு பெட்டி செட்டப்புக்கு இதுவே சிறந்த இடம்.
- இன்டெகிரேட்டட் ஆம்ப் என்றால், அந்த நடுப்பகுதி பெட்டிக்குள் இருக்கிறது. சில மாடல்களில் பின்பக்கம் 'ப்ரீ அவுட் - மெயின் இன்' ஜம்பர் இருக்கும். இருந்தால் அங்கே மாட்டலாம். இல்லாவிட்டால் சோர்ஸுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே. குமிழுக்கு இடம் கிடைக்கும், ஆனால் ஆம்ப்பின் இரைச்சல் அப்படியே இருக்கும்.
- டர்ன்டேபிள் வைத்திருக்கிறீர்களா? 5 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜ், 40 டெசிபல் ஃபோனோ ஸ்டேஜ் என்றால் வருவது அரை வோல்ட்தான். டேக்கைவிட 12 டெசிபல் குறைவு. அதற்குக் குறைப்பு தேவைப்படாமல் போகலாம். டேக்கின் வயரில் மட்டும் 12 டெசிபல் மாட்டுங்கள். இரண்டும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும்.

4. கெயின் இல்லாத ப்ரீஆம்ப். 2 வோல்ட் சோர்ஸுக்கு ப்ரீஆம்ப்பின் 12 டெசிபல் தேவையே இல்லை. ஒரு குமிழும் சுவிட்சும் மட்டும் உள்ள பேஸிவ் ப்ரீஆம்ப் போதும். ஆனால் வயரைக் குட்டையாக வையுங்கள். 50 கிலோ ஓம் குமிழின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 12.5 கிலோ ஓம் வரை போகும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள வயரை 5 மீட்டர் இழுத்தால் 25 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரியும். 10 கிலோ ஓம் குமிழாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. நீளமான வயர்தான் வேண்டும் என்றால், கெயின் இல்லாத 'பஃபர்' ஒன்றைச் சேர்க்கலாம்.

5. குறைந்த கெயின் பவர் ஆம்ப். சோதனையில் பவர் ஆம்ப்பின் சொந்த இரைச்சல்தான் குற்றவாளி என்று தெரிந்தால் மட்டும் இங்கே வாருங்கள். இப்படிப்பட்ட ஸ்பீக்கர்களுக்கு முதல் வாட்டின் தரமே முக்கியம் என்ற எண்ணத்தில் அமெரிக்க வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே ஃபர்ஸ்ட் வாட். அதன் எஃப்4 ஆம்ப் வோல்ட்டேஜைப் பெருக்குவதே இல்லை. கரன்ட்டை மட்டும் கொடுக்கும். வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல், கெயின் எத்தனை டெசிபல், வெளியீட்டு இரைச்சல் எத்தனை மைக்ரோவோல்ட் என்று பாருங்கள். 100 மைக்ரோவோல்ட் என்றால் 99 டெசிபல் ஸ்பீக்கரிலும் ஒரு மீட்டரில் 10 டெசிபல்தான். கேட்காது.

6. ஸ்பீக்கர் பக்கம் எல்-பேட். ஆம்ப்பின் சொந்த இரைச்சலையும் குறைக்கும் ஒரே ரெசிஸ்டர் வழி இது. 8 ஓம் ட்ரைவருக்கு 10 டெசிபல் குறைக்க, தொடரில் சுமார் 5.5 ஓம், ட்ரைவருக்கு இணையாக 3.7 ஓம், தேவையான வாட் தாங்கும் ரெசிஸ்டர்கள். ஆனால் முழு ஸ்பீக்கருக்கும் இதைப் போட்டால், காசு கொடுத்து வாங்கிய எஃபிஷியன்ஸியை வெப்பமாக்கி வீணடிக்கிறீர்கள். பாஸின் கட்டுப்பாடும் தளரும். ஒவ்வொரு ட்ரைவருக்கும் தனி ஆம்ப் வைத்திருப்பவர்கள், ஹார்ன் ட்ரைவருக்கு மட்டும் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. க்ராஸ்ஓவருக்குள் கை வைக்க வேண்டும் என்றால், விவரம் தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள்.

அட்டெனுவேட்டர் போட்டால் ஒலியின் தரம் போய்விடாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. உங்கள் வால்யூம் குமிழே ஓர் அட்டெனுவேட்டர்தான். 41 டெசிபலையும் ஒரு கார்பன் தடத்தின் மோசமான மூலையில் குறைப்பதா, அதில் 20-ஐ இரண்டு துல்லியமான ரெசிஸ்டர்களிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் 21-ஐ மட்டும் குமிழின் நல்ல பகுதியில் குறைப்பதா? கேள்வி அவ்வளவுதான். சரியான மதிப்பில், சரியான இடத்தில் போட்டால் ஒலி மேம்படும். இரண்டு பக்கமும் சமமாகும், இரைச்சல் இறங்கும்.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால்

கடைக்குப் போகும் முன் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: சோர்ஸின் வெளியீட்டு வோல்ட்டேஜ், ப்ரீஆம்ப் கெயின், பவர் ஆம்ப் கெயின், ஸ்பீக்கரின் 2.83 வோல்ட் சென்சிட்டிவிட்டி. இன்டெகிரேட்டட் ஆம்ப் என்றால் நடுவில் உள்ள இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாக இருக்கும். ஸ்பீக்கர் 95 டெசிபலுக்கு மேல் என்றால், கூடுதல் வாட்டுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். அந்தப் பணத்தை இரைச்சல் குறைந்த ஆம்ப்புக்கோ, நல்ல வால்யூம் கன்ட்ரோலுக்கோ கொடுங்கள். ஏற்கெனவே எல்லாம் வாங்கிவிட்டீர்கள் என்றால், எதையும் விற்கும் முன் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

என் வீட்டில் இப்போது குமிழ் பகலில் பதினொரு மணி நிலையிலும், இரவில் ஒன்பதிலும் நிற்கிறது. பாட்டை நிறுத்தினால் ஃபேன் சத்தம் கேட்கிறது. அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறது.